இருபத்தோரு ஆடுகளின் ஆங்கிலம்

கிட்டே வாருங்கள், என் கண்ணுகளா. கதவோரம் இருப்பவர்கள் உள்ளே நகர்ந்து உட்காருங்கள், காற்று சில்லென்று வருகிறது. கால் வலிக்கிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். இன்றைக்கு நல்ல கதையாகச் சொல்லப்போகிறேன். ராஜா இல்லை, பூதம் இல்லை. ஒரு பெண், இருபத்தோரு ஆடுகள், ஒரு காப்பிக் கிண்ணம். இவ்வளவுதான். ஆனால் கேட்டு முடிக்கும்போது உங்களில் யாருக்காவது, இத்தனை நாள் வாய்க்குள்ளேயே வைத்திருந்த ஒரு வார்த்தையை வெளியே சொல்லத் தைரியம் வந்தால், எனக்கு அது போதும்.

நம் அரபு நாட்டு ஷரா மலையின் மேற்குச் சரிவில் அய்ன் திஃப்லா என்று ஓர் ஊற்று. ஊற்றைச் சுற்றி அரளிப் புதர், அதற்குக் கீழே பதினான்கு வீடுகள். அதில் ஒன்று அவ்வாதுடையது. சிமெண்டு வீடு ஒன்று கட்டி, பக்கத்திலேயே ஆட்டு மயிர்க் கூடாரத்தையும் விரித்து வைத்திருந்தான். வீடு தூங்குவதற்கு, கூடாரம் விருந்தாளிக்கு. அவன் மனைவி கஸ்னா. அவன் தங்கை துர்ஃபா. நம் கதை துர்ஃபாவுடையது.

துர்ஃபாவுக்கு முப்பத்தொன்பது வயது. கல்யாணம் கேட்டு வந்தவர்களை அவளுக்குப் பிடிக்கவில்லை, பிடித்தவன் கேட்டு வரவில்லை. அதைப் பற்றி அவள் பெரிதாகக் கவலைப்பட்டதும் இல்லை. அவளுக்கென்று இருபத்தோரு ஆடுகள். வாரத்தில் மூன்று நாள் கீழே சமவெளியில் இருக்கும் சுற்றுலா முகாமுக்குப் போய் ரொட்டி சுடுவாள். பள்ளிக்கூடம் போனது நான்கு வருடம். ஐந்தாம் வருடம் ஆடுகள் அவளைத் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டன.

ரொட்டித் தகட்டின் முன்னால் குந்தியிருந்தபோதுதான் அவள் ஆங்கிலம் படித்தாள். வெளிநாட்டுக்காரர்கள் வேடிக்கை பார்க்க வருவார்கள். சூடான ரொட்டியில் ஒரு துண்டைக் கிழித்து நீட்டுவாள். நீட்டிய கையாலேயே எதையாவது காட்டி, புருவத்தை உயர்த்துவாள். தின்றவர் வாய் நிறைய ரொட்டியோடு அதன் பெயரைச் சொல்வார். நெருப்பு, புகை, தண்ணீர், கல். பிறகு காட்ட முடியாத வார்த்தைகளையும் கேட்கத் துணிந்தாள். ஏன், எப்போது, முன்னால், பின்னால். கேட்டதை மாவுச் சாக்கின் உட்பக்கத்தில் கரித்துண்டால் அரபி எழுத்தில் எழுதி வைப்பாள்.

ஆனால் சாக்கில் தூங்கும் வார்த்தை வேளைக்கு உதவாது என்று சீக்கிரமே கண்டுகொண்டாள். "மலைமேல நின்னு தொண்ட கிழியக் கூப்பிடாத வார்த்தை என்னுது இல்ல" என்பாள். அதனால் என்ன செய்தாள் தெரியுமா? ஆடுகளுக்கு ஆங்கிலப் பெயர் வைத்தாள். அடங்காத கறுப்புக் கிடாவுக்கு ஸ்டாப். நொண்டி ஆட்டுக்கு ஸ்லோலி. எதிலும் மூக்கை நுழைக்கும் குட்டிக்கு ஒய். ஒட்டியே பிறந்த இரட்டைக்கு பிஃபோர், ஆஃப்டர். எப்போதும் இரண்டு பேருக்கு நடுவில் நசுங்கி நடப்பவளுக்கு பிட்வீன். இப்படி இருபத்தொன்று. ஒரு வார்த்தை நாக்கில் நன்றாக ஊறிவிட்டால் அந்த ஆட்டுக்குப் பெயரை மாற்றிவிடுவாள். பாவம், சில ஆடுகளுக்கு ஒரே வருடத்தில் நான்கு பெயர்.

கஸ்னாவுக்குத்தான் பெரும்பாடு. "துர்ஃபா! உன் ப்ளீஸ் என் துப்பட்டாவத் தின்னுட்டாடி! ஸாரிக்கு வயிறு உப்பியிருக்கு, வந்து பாரு!" என்று முற்றத்திலிருந்து கத்துவாள். கத்திக் கத்தி அவளுக்கே பத்துப் பன்னிரண்டு வார்த்தை வந்துவிட்டது.

வார்த்தைகளை வரிசையாக நடத்துவது அடுத்த பாடு. துர்ஃபாவுக்கு அதுவும் ஆட்டு வேலையாகவே தெரிந்தது. கேள்வி கேட்க வேண்டுமா? இரண்டாவதாக நடக்கும் ஆட்டை முதலில் விடு. 'யூ ஆர் டயர்ட்' என்றால் செய்தி. 'ஆர் யூ டயர்ட்' என்றால் கேள்வி. நேற்று, இன்று, நாளை மூன்றையும் ஒரு நாளிலேயே பழகினாள். காலையில் பட்டியைத் திறக்கும்போது 'போவேன்', மலைமேல் நின்று 'போகிறேன்', சாயங்காலம் மடியைப் பிடித்துப் பால் கறக்கும்போது 'போனேன்'. அவளுக்கு ஒட்டாதது ஒன்றுதான். நம் பேச்சில் 'நான் களைப்பு' என்றால் முடிந்துபோகும். அவர்களுக்கோ இரண்டுக்கும் நடுவில் ஒரு கயிறு கட்டவேண்டும். 'ஆம்', 'இஸ்', 'ஆர்' என்று. அந்தக் கயிற்றை அவள் வழியெல்லாம் நழுவவிட்டுக்கொண்டே போவாள்.

அந்த வருடம் இளவேனிலில் ஒரு சேதி வந்தது. வடக்கேயிருந்து கடல்வரை நீளும் நடைவழி ஒன்றைப் பராமரிக்கும் சங்கம், எங்கள் பள்ளத்தாக்குக்கு ஒரு வழிகாட்டியைத் தேடியது. ஒரே ஓர் ஆள். வழி தெரிந்திருக்க வேண்டும். அன்றாட ஆங்கிலம் பேச வேண்டும். பார்த்துத் தேர்வு செய்ய ஸ்காட்லாந்திலிருந்து மோராக் என்ற பெண்மணி வருவாள், ஒவ்வொருவரோடும் ஒரு நாள் நடப்பாள்.

இரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். ஒருவன் நவ்வாஷ், துர்ஃபாவின் சித்தப்பா மகன். சுற்றுலா நகரத்தில் பத்து வருடம் ஜீப் ஓட்டியவன். ஆங்கிலத்தை ஊற்றுத் தண்ணீர் மாதிரி கொட்டுவான். இன்னொருவர் துர்ஃபா.

நவ்வாஷ் ஜீப்பிலிருந்து இறங்காமலே கேட்டான்: "அக்கா, ஆட்டோட பேசின இங்கிலீஷ வச்சுக்கிட்டு மனுசங்ககிட்ட பேசப் போறியா? அந்தம்மா பதிலுக்கு 'மே'ன்னா சொல்லும்?"

"உன்னோடது மட்டும் என்னவாம்? 'மை ஃப்ரெண்ட், நோ ப்ராப்ளம்.' அந்த நாலு வார்த்தையில பத்து வருசம் ஓட்டிட்ட. என்கிட்ட இருபத்தொண்ணு இருக்கு தம்பி, அதுல நாலு சினையா வேற இருக்கு."

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் துர்ஃபா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எத்தனை வருடம் புகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, நடக்கப் போகிறவர்களுக்கு ரொட்டி கட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்! அவர்களைக் கூட்டிப்போன நகரத்து ஆட்கள் தப்பான ஓடையில் இறங்கித் தவித்ததை எத்தனை முறை மேலே நின்று பார்த்திருக்கிறாள்! அந்த மலையில் அவள் கால் படாத கல் இல்லை. இனி முன்னால் நடக்க வேண்டும். அவள் நடக்க, பின்னால் அவர்கள் வர வேண்டும். அதுதான் அவள் ஆசை, வேறொன்றும் இல்லை.

சனிக்கிழமை முற்பகல் மோராக் வந்து இறங்கினாள். ஐம்பது வயதிருக்கும். நெடிய உருவம், வெயிலில் சிவந்த மூக்கு, தேய்ந்த காலணி. காலணியைப் பார்த்ததும் துர்ஃபாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. மோராக் கையைப் பிடித்துக் குலுக்கி, ஒரே மூச்சில் நீளமாக ஏதோ சொன்னாள்.

ஒரு வார்த்தை புரியவேண்டுமே! அப்படி ஒரு ஆங்கிலத்தைத் துர்ஃபா கேட்டதே இல்லை. சாக்குக்குள் மணிகளைப் போட்டு உலுக்கியது மாதிரி இருந்தது. அவள் தலைக்குள் இருந்த இருபத்தோரு ஆடுகளும் ஓநாயைக் கண்டதுபோல் சிதறி ஓடின. நவ்வாஷ் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினான்.

துர்ஃபா மூச்சை இழுத்து விட்டாள். நொண்டி ஆட்டைக் கூப்பிடும் குரலிலேயே கூப்பிட்டாள். "ஸ்லோலி, ப்ளீஸ்." பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள்: "என்கிட்ட இங்கிலீஷ் இருக்கு. உங்க இங்கிலீஷ் ஓடுது. அது நடக்கட்டும்."

மோராக் வாய்விட்டுச் சிரித்தாள். "எங்க ஊர்க்காரங்களே அதான் சொல்வாங்க" என்று, இம்முறை மெல்லச் சொன்னாள். இது துர்ஃபாவுக்குப் புரிந்தது.

கூடாரத்தில் அக்கம்பக்கத்து ஆண்கள் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவ்வாத் இடக்கையில் மூக்கு நீண்ட காப்பிப் பாத்திரமும் வலக்கையில் கிண்ணமுமாக எழுந்தான். ஏலக்காய் மணக்கும் கசப்புக் காப்பி. விருந்தாளிக்குத்தான் முதல் கிண்ணம். மோராக் வலக்கையால் சரியாகவே வாங்கினாள். முகர்ந்தாள், புன்னகைத்தாள். பிறகு ஒரு சொட்டும் குடிக்காமல் கிண்ணத்தை விரிப்பின்மேல் வைத்துவிட்டு, கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

கூடாரத்தில் எல்லாக் கண்களும் அந்தக் கிண்ணத்துக்குப் போயின.

எங்களில் யாராவது வேறொரு வீட்டில் காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தால், அவருக்கு அந்த வீட்டில் கேட்க ஏதோ ஒன்று இருக்கிறது. தருகிறேன் என்று வீட்டுக்காரன் சொன்னால்தான் எடுத்துக் குடிப்பார். பெண் கேட்க வருவோர் அப்படி வைப்பார்கள். கொலைப்பகைக்குச் சமாதானம் கேட்டு வருவோர் அப்படி வைப்பார்கள். கேட்டதைக் கொடுக்காமல், குடிக்காத கிண்ணத்தோடு விருந்தாளியை அனுப்பிய வீட்டை மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள்.

பெண்கள் பக்கத்தை மறைக்கும் தட்டியின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த கஸ்னா, அதையொட்டி உட்கார்ந்திருந்த துர்ஃபாவின் முதுகில் கிள்ளினாள். "பொண்ணு கேட்க வந்திருக்காடி! உன்னத்தான்! அவ ஊர்ல எவனோ ஒரு கிழவனுக்கு!"

"சும்மா இரு அண்ணி."

அவ்வாத் தொண்டையைச் செருமினான். நெற்றியில் வேர்த்துவிட்டது. ஆனாலும் அவன் வீட்டுக்காரன் அல்லவா. நிமிர்ந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "விருந்தாளியே, உங்க காப்பியக் குடிங்க. நீங்க கேட்க வந்தது கிடைச்சாச்சு. அது என் செவலை ஒட்டகமா இருந்தாலும் சரி. நவ்வாஷ், சொல்லுடா."

நவ்வாஷ் முன்னால் பாய்ந்தான். "மேடம், வெல்கம், வெல்கம்! எவ்ரிதிங் யுவர்ஸ்! நோ ப்ராப்ளம்!"

"தேங்க் யூ" என்று மோராக் புன்னகைத்தாள். கிண்ணம் தரையிலேயே இருந்தது.

"ரொம்ப சந்தோசமாம்" என்றான் நவ்வாஷ்.

"சந்தோசம் இருக்கட்டும்டா. என்ன வேணுமாம்?"

"அது வந்து... எல்லாமே வேணும் போல."

"எல்லாமும்னா?" என்றார் மூலையில் இருந்த கிழவர். "ஒட்டகமும் வீடுமா? அப்ப அவ்வாத் இனிமே எங்க படுப்பான்?"

சிரிப்பு எழுந்து, அவ்வாதின் முகத்தைப் பார்த்து அடங்கியது. நவ்வாஷ் இன்னும் நாலு 'வெல்கம்' சொன்னான். மோராக் இன்னும் நாலு 'தேங்க் யூ' சொன்னாள். ஆனால் எதற்காக இத்தனை பேரும் தன் கிண்ணத்தையே பார்க்கிறார்கள் என்று அவள் கண்ணில் கலக்கம் வந்துவிட்டது. அந்தக் கலக்கத்தைத் துர்ஃபா பார்த்தாள். இவ்வளவு பேர் இருக்கிறார்கள், இவ்வளவு இங்கிலீஷ் ஓடுகிறது, அந்தப் பெண்ணிடம் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

துர்ஃபா எழுந்துபோய் மோராக்கின் பக்கத்தில் குந்தினாள். மூக்கை நுழைக்கும் குட்டியை மனதுக்குள் கூப்பிட்டாள். "ஒய்," என்றாள். "ஏன். நீங்க. குடிக்கல?"

மோராக்கின் கழுத்துவரை சிவந்தது. கையை நெஞ்சில் வைத்து, மெல்ல, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "டாக்டர் கூடாதுன்னுட்டார். காப்பி குடிச்சா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். வேண்டாம்னு சொன்னா உங்க அண்ணன் மனசு நோகுமேன்னு பேசாம வச்சுட்டேன். ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

டாக்டர், காப்பி, நெஞ்சு. துர்ஃபாவுக்கு இந்த மூன்றே போதுமாக இருந்தது.

கஸ்னா தட்டியோரமாகவே நகர்ந்து வந்து மறுபடி கிள்ளினாள். "துர்ஃபா, என் கண்ணுல்ல. சமையல் கொட்டாய்க்குக் கூரை போடச் சொல்லி விருந்தாளி கேட்கறான்னு சொல்லேன். ரெண்டு வருசமா மழையில நனைஞ்சுக்கிட்டுச் சமைக்கறேன். அவ உன் காதோட சொன்னது இங்க எவனுக்குக் கேட்டுச்சு?"

சொல்லியிருக்கலாம். கூரைக்குப் பதில் வேறு எதையும்கூடச் சொல்லியிருக்கலாம், தனக்கே ஏதாவது கேட்டிருக்கலாம். அந்த நிமிடத்தில் இரண்டு பக்கமும் அவள் வாயைத்தான் நம்பி இருந்தது.

"அண்ணி," என்றாள் துர்ஃபா தணிந்த குரலில், "அவங்க வார்த்தை என் வாயில இருக்கறப்ப அதுல உன் பருக்கையையும் கலக்க மாட்டேன், என் பருக்கையையும் கலக்க மாட்டேன்."

பிறகு அண்ணனிடம் உரக்கச் சொன்னாள்: "அண்ணே, அவங்க ஒண்ணும் கேட்க வரல. நெஞ்சுக்குக் காப்பி ஆகாதாம். நீ வருத்தப்படுவியேன்னு சொல்லாம வச்சுட்டாங்க."

அவ்வாதுக்கு உயிர் வந்தது. ஆனால் உடனே முகம் சுருங்கியது. "அது சரி. நான் கொடுத்த வார்த்தை? அது நடுக் கூடாரத்துல நிக்குதே. திரும்ப எடுத்து மடியில வச்சுக்கச் சொல்றியா? ஏதாவது கேட்கச் சொல்லும்மா. எதையாவது."

துர்ஃபா மோராக்கின் பக்கம் திரும்பினாள். சின்னச் சின்ன வாக்கியங்களாக அடுக்கினாள். "எங்க வீட்ல கிண்ணம் கீழ வச்சா, அது ஒரு கேள்வி. அண்ணன் பயந்தார். அண்ணன் 'தர்றேன்'னு சொன்னார். இப்போ நீங்க கேட்கணும். சின்னது போதும். ஒட்டகம் வேண்டாம். அது கெட்ட ஒட்டகம். கடிக்கும்."

மோராக் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை அடக்கி, நேராக உட்கார்ந்து, அவ்வாதைப் பார்த்து மரியாதையாகக் கேட்டாள். துர்ஃபா அப்படியே சொன்னாள்: "சேஜ் இலை போட்ட டீ ஒரு கிளாஸ் கேட்கறாங்க. சர்க்கரை இல்லாம."

"சர்க்கரை இல்லாமயா!" அவ்வாத் தலையில் கை வைத்தான். "அதுக்கு ஒட்டகத்தையே கேட்டிருக்கலாமே!"

கூடாரமே குலுங்கிச் சிரித்தது. டீ வந்தது. மோராக் குடித்தாள். குடித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்து என்னவோ எழுதினாள். நவ்வாஷ் அதைப் பார்த்தான். துர்ஃபாவும் பார்த்தாள்.

மறுநாள் நவ்வாஷின் முறை. அவன் மோசமில்லை கண்ணுகளா, கதைக்காக அவனைக் கெட்டவன் ஆக்கமாட்டேன். நன்றாக நடப்பான், பாட்டுப் பாடுவான். சாயங்காலம் இருவரும் சிரித்துக்கொண்டேதான் இறங்கி வந்தார்கள். "பேசிக்கிட்டே போனோம், வழி போனதே தெரியல" என்றான். துர்ஃபா பால் கறந்துகொண்டிருந்தாள். ஒரு கணம் அவள் விரல்கள் நின்றன. அவன் ஒரு நாளில் பேசியதை நான் பேச ஒரு வருடம் ஆகுமே என்று நினைத்தாள். பிறகு ஸாரி ஆட்டின் விலாவில் முகத்தைச் சாய்த்து, "போனேன். கறந்தேன். பயந்தேன். முடிஞ்சுது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, மீதிப் பாலையும் கறந்தாள்.

திங்கட்கிழமை விடியலில் இரண்டு பெண்களும் கிளம்பினார்கள். ஆடுகளைக் கஸ்னா எதிர்ச் சரிவுக்கு ஓட்டிப் போயிருந்தாள். துர்ஃபா முன்னால் நடந்தாள். வெள்ளாட்டுத் தடத்தில் ஏறி, ஜூனிப்பர் மரங்களுக்கு நடுவில் வளைந்து, கல் நழுவும் இடத்தில் திரும்பி நின்று கை கொடுத்தாள். தெரிந்ததை மட்டும் சொன்னாள். மாசிபத்திரிச் செடியைக் கிள்ளி முகரக் கொடுத்தாள். "வயிறு வலிச்சா இது. சுவை மோசம். வயிறு நல்லாயிடும்." சிதைந்த பாறையைக் காட்டினாள். "போன வருசம் தண்ணி வந்தது. இந்த வழி செத்துப் போச்சு. நாம மேல போறோம்." நாளை மழை வருமா என்று மோராக் கேட்டதற்கு, வானத்தைப் பார்க்காமல் எறும்புப் புற்றைப் பார்த்து "வராது" என்றாள்.

நடுநடுவே கயிறு விழுந்தது. மோராக் ஒருமுறை திருத்தினாள். துர்ஃபா தலையசைத்தாள். "கயிறு விழுந்துடுச்சு. எடுத்துக்கறேன்" என்றாள். மோராக்குக்கு அது என்னவென்று புரியவில்லை.

மலையைச் சுற்றி வந்து, மதியத்துக்குள் ஊருக்கு மேலே இருக்கும் அய்ன் திஃப்லா ஊற்றை அடைந்தார்கள். துர்ஃபா முள்ளை மூட்டி டீ வைத்தாள். மோராக்குக்கு வெறும் இலை டீ, தனக்கு மூன்று கரண்டி சர்க்கரை. சூடான கெட்டிலைப் பிடிக்கத் துணி தேடி அவள் பைப்பக்கம் திரும்பிய நேரத்தில், மோராக் கலக்குவதற்கென்று பக்கத்துப் புதரிலிருந்து ஒரு குச்சியை ஒடித்தாள். இளஞ்சிவப்புப் பூவோடு அழகான குச்சி. கெட்டிலுக்குள் நுழைக்கக் கையை நீட்டினாள்.

"ஸ்டாப்!"

மலைமேல் நின்று கூப்பிடும் அதே குரல். பாறையில் மோதித் திரும்பி வந்தது. மோராக்கின் கை அந்தரத்தில் உறைந்தது. துர்ஃபா குச்சியைப் பிடுங்கி எறிந்து, ஊற்று நீரில் அவள் விரல்களைத் தேய்த்துக் கழுவினாள்.

"இது அரளி. பூ அழகு. ஆடு தின்னாது, ஆட்டுக்குத் தெரியும். இந்தக் குச்சி, இந்த டீ, அப்புறம் ஆஸ்பத்திரி. உங்க நெஞ்சு படபட. அப்புறம் படபட இல்ல."

மோராக் வெளுத்துப் போனாள். அதற்கு ஆங்கிலத்தில் பாய்சன் என்று பெயர் என்றாள் மெல்லிய குரலில். "பாய்சன்," என்று துர்ஃபா இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். புது வார்த்தை.

அதற்குள் எதிர்ச் சரிவில் கற்கள் உருண்டன. தன் பெயர் காதில் விழுந்த கறுப்புக் கிடா ஓடையைத் தாண்டி நாலுகால் பாய்ச்சலில் வந்து நின்றது. அதன் பின்னால், எங்கே என்ன நடக்கிறது என்று பார்க்க அந்த மூக்கை நுழைக்கும் குட்டி. அதற்கும் பின்னால் தூரத்தில் கஸ்னாவின் ஏச்சு.

"இது எதுக்கு வருது?" என்றாள் மோராக்.

"நான் கூப்பிட்டேன். இது பேர் ஸ்டாப்."

"ஸ்டாப்புன்னா ஓடி வருதா?"

"எங்க வீட்ல அப்படித்தான். இது ஒய். அங்க நொண்டிக்கிட்டு வருதே, அது ஸ்லோலி. அன்னைக்கு உங்களுக்காகக் கூப்பிட்டேனே, அந்த ஸ்லோலி." ஒவ்வொன்றாகக் காட்டி, மாவுச் சாக்கையும் மலைமேல் கத்தும் கதையையும், போவேன் போகிறேன் போனேனையும், கயிற்றையும் சொன்னாள். வெட்கப்படவில்லை. ஏன் வெட்கப்படவேண்டும்? அவள் பள்ளிக்கூடம் இதோ புல் தின்றுகொண்டு நிற்கிறது. மோராக் சிரித்தாள், கண்ணீர் வரச் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்தி அந்த ஆடுகளை வெகுநேரம் பார்த்தாள். குறிப்பேட்டை எடுத்து இரண்டு வரி எழுதினாள். எழுதி மூடினாள்.

"தலைநகர்லேர்ந்து மூணு வாரத்துல ஃபோன் பண்ணுவாங்க துர்ஃபா. முடிவு அப்பத் தெரியும்" என்று சொல்லித் தன் டீயை எடுத்துக் குடித்தாள்.

துர்ஃபா தன் கிளாஸைக் கையில் எடுத்தாள். ஒரு வாய் குடிக்கவில்லை. இருவருக்கும் நடுவில் இருந்த தட்டைக் கல்லின்மேல் அதை வைத்தாள். கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

ஊற்று சொட்டிக்கொண்டிருந்தது. ஒய் வந்து கிளாஸை முகர்ந்து பார்த்துவிட்டுப் போயிற்று. மோராக் பாதி டீ குடித்திருப்பாள். சும்மா இருக்கிற கிளாஸைப் பார்த்தாள். கோத்திருக்கிற கைகளைப் பார்த்தாள். மெதுவாகத் தன் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"என்ன வேணும், துர்ஃபா?"

"வேலை வேணும்னு கேட்கல. அது நீங்க பார்த்து முடிவு பண்றது. எனக்குப் பதில் வேணும். இன்னைக்கு. நீங்க எழுதிட்டீங்க, நான் பார்த்தேன். மூணு வாரம் ரொம்ப நீளம். ஆமான்னா ஆமா. இல்லன்னா இல்ல. என் மலையில, என் காதால கேட்கணும்."

அந்த நீண்ட பேச்சில் ஒரு கயிறுகூட விழவில்லை என்பதைத் துர்ஃபா கவனிக்கவில்லை. மோராக் கவனித்தாள்.

அவள் குறிப்பேட்டைத் திறந்து, எழுதியிருந்ததை மெல்ல, நடக்கிற ஆங்கிலத்தில் படித்தாள். "சின்ன வார்த்தைகளை வழியில் தொலைக்கிறாள். கூட வருகிற ஆளைத் தொலைப்பதில்லை. எல்லோரும் பேசியபோது இவள் ஒருத்திதான் கேள்வி கேட்டாள். கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். இந்த மலையில் நான் இவள் பின்னால்தான் நடப்பேன்."

மூடினாள். தலைநகரத்து ஃபோன் சடங்குக்குத்தான் வரும் என்றாள். பிறகு, அவ்வாத் அன்று நின்ற மாதிரியே நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லா ஆடுகளுக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"உங்க டீயைக் குடிங்க, துர்ஃபா."

துர்ஃபா எடுத்துக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது. அவ்வளவு இனிப்பான டீயை அவள் அதற்கு முன் குடித்ததில்லை.

அப்புறம் என்ன? அந்த இலையுதிர் காலத்திலிருந்து துர்ஃபா முன்னால் நடக்கிறாள். நவ்வாஷ், அவள் பின்னால் நடக்கிறவர்களின் மூட்டைகளை ஜீப்பில் அடுத்த ஊருக்குக் கொண்டுபோகிறான். "அக்கா, எனக்கும் ஒரு நாலு ஆடு கொடேன்" என்று அவ்வப்போது கேட்கிறான். பாய்சன் என்ற பெயரை எந்தக் குட்டிக்கும் வைக்கத் துர்ஃபாவுக்கு மனம் வரவில்லை. கடைசியில் அவ்வாதின் செவலை ஒட்டகத்துக்கு வைத்தாள். பொருத்தமாகத்தான் இருக்கிறது, அதனிடம் கடிபட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். கஸ்னாவோ, அடுத்த வெள்ளிக்கிழமை நாலு பேர் பார்க்கக் கூடாரத்துக்குள் வந்து, காப்பிக் கிண்ணத்தை வாங்கி, அவ்வாதின் முன்னால் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மழைக்கு முன்னால் கொட்டாய்க்குக் கூரை ஏறிவிட்டது.

எழுந்திருங்கள் கண்ணுகளா, வீட்டில் தேடுவார்கள். உங்கள் அடுப்பின்மேல் என்றும் கூரை இருக்கட்டும். உங்கள் வாசலுக்கு வருகிறவர் எந்தப் பேச்சுக்காரராக இருந்தாலும், ஏன் என்று அன்போடு கேட்க ஒரு நாக்கு உங்கள் வீட்டில் இருக்கட்டும். உங்கள் வீட்டில் யார் கீழே வைத்த கிண்ணமும் ஆறாமல், அவர் கேட்டது கிடைத்து, சொட்டு மிச்சமில்லாமல் குடிக்கப்படட்டும்.